எபிசோட் 41: மழைக்காலத்துல கோழிக் கொட்டாயை மூடாதீங்க

(இந்த எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன ரெண்டு எபிசோடும் வேலை, இன்டர்வியூ, லே-ஆஃப்னு கொஞ்சம் கனமா போச்சு. அதனால இன்னைக்கு டாபிக் கோழி. ஆமா, நிஜக் கோழிதான். சமைக்கிற எபிசோட் இல்ல, வளர்க்கிற எபிசோட்.

இதை செப்டம்பர் முதல் வாரத்துல ரெக்கார்ட் பண்றேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன். மொட்டை மாடியிலயோ வீட்டுப் பின்னாடியோ நாலு கோழி வளர்க்கலாம்னு யோசிக்கிறவங்க முழுசா கேளுங்க. கோழியே வேண்டாம்னு சொல்றவங்களும் கேளுங்க. வேற ஊருக்கு எழுதின தீர்வை நம்ம ஊர்ல காப்பி பேஸ்ட் பண்ணா என்ன ஆகும்ங்கறதுதான் உள்ளுக்குள்ள இருக்கற கதை.

ஆயாவோட முட்டி

எங்க வீடு புதுச்சேரில தட்டாஞ்சாவடி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம். வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு தோட்டம். அதுல ஆயா எனக்கு ஞாபகம் தெரிஞ்ச நாள்ல இருந்து கோழி வளர்க்குது. எல்லாம் சிறுவிடை, நம்ம ஊர் நாட்டுக்கோழி. இப்ப எட்டு பொட்டை, ஒரு சேவல்.

ஆயாவோட முறை ரொம்ப சிம்பிள். ராத்திரி கோழி அடையற இடத்தை தினம் காலையில கூட்டி அள்ளும். அடுப்புச் சாம்பல் தூவும். முடிஞ்சது. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் நாத்தம்னு யாரும் சொன்னதில்ல.

2023 நடுவுல ஆயாவுக்கு முட்டி ஆபரேஷன். குனியக் கூடாது, தரையில உட்காரக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அம்மா காலையில ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. நான் வீட்ல இருந்துதான் வேலை பார்க்கறேன், ஆனா காலையில எழுந்து கூட்டற ஆள் நான் இல்லன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு ஆயா சாதாரணமா சொல்லுச்சு: "எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடலாம் கண்ணு. கேட்டவங்களுக்குக் குடுத்துடு."

சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிடுச்சு. எனக்கு அது சாதாரணமா படல. காலையில எழுந்ததும் ஆயாவுக்கு இருக்கற ஒரே வேலை அந்தக் கோழிங்கதான். "குடுக்க வேண்டாம் ஆயா, நான் பாத்துக்கறேன்"னு வாயை விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் எல்லா இன்ஜினியரும் செய்யற காரியத்தைச் செஞ்சேன். தினம் கூட்டாம இருக்க என்ன வழின்னு தேடினேன்.

ஆழ்கூளம்னா என்ன

வழி இருக்கு. தமிழ்ல கோழிப் பண்ணைக்காரங்க அதை ஆழ்கூளம்னு சொல்வாங்க. இங்கிலீஷ்ல டீப் லிட்டர். தரையில உமி, மரத்தூள், மல்லாட்டைத் தோல் மாதிரி காய்ஞ்ச பொருளைப் பரப்பணும். கோழி அது மேலயே எச்சம் போடும். நாம அள்ள மாட்டோம். கிளறி விடுவோம், மேல புதுசா கொஞ்சம் போடுவோம். ரெண்டு அங்குலத்துல ஆரம்பிச்சு போகப்போக ஆறு அங்குலம் வரைக்கும் ஏறும். உள்ள இருக்கற நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைச்சு உரமாக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அள்ளினா போதும்.

இது புது விஷயம் இல்ல. அமெரிக்காவுல ஒஹாயோ விவசாய ஆராய்ச்சி நிலையத்துல கென்னார்ட், சேம்பர்லின்னு ரெண்டு பேர் 1940-கள்ல இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணாங்க. பழைய கூளத்து மேல வளர்ந்த குஞ்சுங்க நல்லா வளர்ந்துச்சு, சாவும் குறைவா இருந்துச்சு. பழைய கூளத்துல நுண்ணுயிர்கள் பி12 வைட்டமின் உண்டாக்குதுங்கறது அப்புறம் தெரிஞ்சுது. அந்த வைட்டமினைத் தனியா பிரிச்சு எடுத்ததே 1948-லதான்.

படிச்சதும் எனக்கு ஒரே குஷி. தினம் கூட்ட வேண்டாம், நுண்ணுயிரே வேலை பாக்கும், கடைசியில உரமும் கிடைக்கும். மூணும் ஒரே பேக்கேஜ்.

நான் பாத்த வீடியோ எல்லாம் பனி பெய்யற ஊர்ல எடுத்தது. "குளிர்காலத்துக்கு டீப் லிட்டர்"னு தலைப்பு. வெளிய ரெண்டடி பனி, உள்ள கூளம் வெதுவெதுன்னு இருக்கு, கோழி சந்தோஷமா சுத்துது. அவங்களுக்கு அந்தச் சூடு வேணும். நமக்கு குளிர்காலம்னு ஒண்ணு கிடையாது. நமக்கு இருக்கறது ஐப்பசி, கார்த்திகை. புதுச்சேரில வருஷத்துக்குப் பெய்யற மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்துடும். அவங்க பிரச்சினை குளிர். நம்ம பிரச்சினை ஈரம். இந்த ஒரு வித்தியாசத்தை நான் கவனிக்கவே இல்ல.

முதல் மழைக்காலம்: எல்லாமே தப்பு

2023 அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சேன். அதுவே முதல் தப்பு. தோட்டத்துல பத்தடிக்கு எட்டடி கம்பி வலை அடிச்சு, ஏழடி உயரத்துல தகர ஷீட் போட்டேன். ஆயா அதை கொட்டாய்னுதான் சொல்லும். உமி பரப்பினேன். சென்சாரும் வச்சேன். ஈஎஸ்பி32 போர்டு, ஈரப்பதத்துக்கு டிஹெச்டி22, அம்மோனியாவுக்கு எம்க்யூ-135. ரீடிங் எல்லாம் டெலிகிராம்ல மெசேஜா வரும். ஆயாகிட்ட காட்டினேன். "கோழி ஃபோன் பண்ணுமா?"ன்னு கேட்டுச்சு.

நவம்பர்ல மழை பிடிச்சது. சாரல் உள்ள அடிச்சது. நான் என்ன பண்ணேன்? நாலு பக்கமும் நீலத் தார்பாய் கட்டி அழகா மூடிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. எனக்குப் பெருமை வேற.

நாலாவது நாள் கூளம் கட்டி கட்டியா பிடிச்சுக்கிச்சு. மேல ஒரு வழவழப்பு. தார்பாயை விலக்கினா கண்ணு எரியுது. நெட்ல சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தாங்க. ரெண்டு கிலோ நீர்த்த சுண்ணாம்பு தூவி, நல்லா கிளறி, மறுபடி தார்பாயை இறக்கிட்டேன். மறுநாள் காலையில ரெண்டு கோழி கண்ணைத் திறக்கவே இல்ல. கண்ணுல தண்ணி வடிஞ்சுக்கிட்டு ஒரு மூலையில நிக்குது.

அதுக்கு அடுத்த வாரம் ரத்தக் கழிச்சல். அந்த வருஷம் பொரிச்ச குஞ்சுங்க, ரெண்டு மாசம் ஆனது. ஆறு இருந்துச்சு. மூணு போயிடுச்சு.

கால்நடை மருத்துவமனைக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா பாத்துட்டு, தண்ணில கலந்து குடுக்க ஆம்ப்ரோலியம் மருந்து எழுதினாங்க. எழுதிக்கிட்டே கேட்டாங்க: "கீழ என்ன போட்டிருக்கீங்க? ஈரமா இருக்கா?" நான் தலையாட்டினேன். "மருந்து நான் தரேன் தம்பி. தரையை நீங்கதான் மாத்தணும். மாத்தலைன்னா அடுத்த மாசமும் இங்கதான் நிப்பீங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆயா ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "குடுத்துடலாம்னு அப்பவே சொன்னேனே"ன்னு மட்டும் சொல்லுச்சு.

பக்கத்து வீட்டு அக்கா வேற, "தம்பி, எங்க பெட்ரூம் ஜன்னலைத் திறக்க முடியலப்பா"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. கோபமா சொல்லல. அதுதான் இன்னும் சங்கடம்.

என்ன நடந்துச்சு: ஒரு தண்ணிக் கணக்கு

மழை விட்டதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை முதல்லயே போட்டிருக்கணும்.

ஒரு சிறுவிடைக் கோழி நாளைக்குச் சுமாரா 80 கிராம் எச்சம் போடுதுன்னு வச்சுக்குவோம். பெரிய முட்டைக் கோழின்னா 100 கிராமுக்கு மேல போகும். அதுல முக்கால் பங்கு தண்ணி. ஒன்பது கோழிக்கு 720 கிராம், அதுல தண்ணி 540 கிராம். மழைன்னு ஒண்ணு இல்லாமலே தினம் அரை லிட்டருக்கு மேல தண்ணியை கூளத்துல ஊத்தறோம். மூச்சுல விடற ஈரமும், தண்ணித் தொட்டில சிந்தறதும் தனிக் கணக்கு.

இந்த அரை லிட்டர் வெளிய போக ஒரே வழி, காத்து அதை எடுத்துக்கிட்டுப் போகணும். பிப்ரவரி மதியம், 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா, ஒரு கன மீட்டர் காத்து இன்னும் சுமார் 12 கிராம் தண்ணியை வாங்கிக்கும். நவம்பர்ல மழை நாள், 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னா, அதே ஒரு கன மீட்டர் மூணரை கிராம்தான் வாங்கும். அப்ப 540 கிராமை வெளிய அனுப்ப பிப்ரவரில 45 கன மீட்டர் காத்து போதும். நவம்பர்ல கிட்டத்தட்ட 160 கன மீட்டர் வேணும்.

என் கொட்டாயோட மொத்தக் கொள்ளளவு 16 கன மீட்டர். அதாவது உள்ள இருக்கற காத்து முழுக்க நாளைக்குப் பத்து தடவையாவது மாறணும். அதுவும் வெளிய போற ஒவ்வொரு கன மீட்டரும் முழுசா ஈரத்தை ஏத்திக்கிட்டுப் போனாத்தான். நிஜத்துல அப்படிப் போகாது, அதனால இன்னும் பல மடங்கு மாறணும். நான் என்ன பண்ணேன்? நாலு பக்கமும் மூடினேன். மழைத் தண்ணி உள்ள வராம தடுத்தேன், கோழி போட்ட தண்ணி வெளிய போகாமலும் தடுத்தேன்.

கூளம் ஈரமானா என்ன ஆகும்? எச்சத்துல வெள்ளையா இருக்கே, அது யூரிக் அமிலம். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது அம்மோனியா வரும். கூளம் பொலபொலன்னு காத்தோட இருந்தா, அந்த நைட்ரஜன்ல ஒரு பங்கை நுண்ணுயிர்கள் உமி, மரத்தூள்ல இருக்கற கார்பனோட சேர்த்து தங்களோட உடம்பாவே மாத்திக்கும். ஈரம் ஏறி காத்து போக வழி இல்லன்னா அந்த வேலை நடக்காது. அம்மோனியா அப்படியே மேல கிளம்பும்.

சுண்ணாம்பு விஷயத்துக்கு வரேன். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. ஈரக் கூளத்துல கரைஞ்சு கிடக்கற அம்மோனியா, காரம் ஏறினா வாயுவா வெளிய வந்துடும். கோழியை வெளிய விட்டுட்டு, நல்லா காத்து அடிக்கற இடத்துல சுண்ணாம்பு போட்டுக் கிளறினா தப்பில்ல. கிளம்பின வாயு கலைஞ்சு போயிடும். கோழியை உள்ள வச்சு, தார்பாயை மூடிக்கிட்டுப் போட்டா நேரா அதுங்க கண்ணுக்குள்ள போகும். நான் பண்ணது அதுதான்.

ரத்தக் கழிச்சலும் அப்படித்தான். அந்தக் கிருமியோட முட்டை எச்சத்துல வெளிய வரும். வந்த உடனே அது தொத்தாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல தொத்தற நிலைக்கு முத்திடும். நான் ரெண்டையும் தார்பாய் போட்டுக் காப்பாத்திக் குடுத்தேன்.

சென்சார் ஏன் சொல்லல

அப்ப சென்சார் என்ன பண்ணுச்சுன்னு கேப்பீங்க. எம்க்யூ-135 மலிவான சென்சார். வெப்பம், ஈரப்பதம் மாறினாலே அதோட ரீடிங் மாறும். மழைக்காலத்துல அதோட நம்பர் அம்மோனியாவைச் சொல்லுதா, மழையைச் சொல்லுதான்னே தெரியாது. அதைவிடப் பெரிய தப்பு, நான் அதை மாட்டின இடம். ஒயர் இழுக்க வசதியா இருக்குன்னு கூரைக்குப் பக்கத்துல, ஆறடி உயரத்துல மாட்டியிருந்தேன்.

ஆயா நாற்காலில உட்கார்ந்துக்கிட்டு அதைப் பாத்துட்டுக் கேட்டுச்சு: "கோழி மூக்கு அங்கயாடா இருக்கு?"

கோழி மூச்சு விடறது தரையில இருந்து ஒரு சாண், ஒண்ணரை சாண் உயரத்துல. அம்மோனியா கிளம்பற இடமும் அதுதான். நமக்கு நின்னா லேசா வாடை வருதுன்னா, குனிஞ்சா கண்ணு எரியும். கோழிப் பண்ணைகள்ல அம்மோனியா 25 பிபிஎம் தாண்டக் கூடாதுன்னு ஒரு பொதுவான வரம்பு வச்சிருக்காங்க. அதை அளக்கற நல்ல கருவி எங்கிட்ட இல்ல. மூக்கு இருக்கு. ஆனா நம்ம மூக்கு அஞ்சு நிமிஷத்துல பழகிடும்.

அதனால ரெண்டு விதி வச்சேன். ஒண்ணு, தினம் ஒரு தடவை முட்டி போட்டு கோழி உயரத்துக்கு முகத்தைக் கொண்டு போய் மூச்சு விடணும், அதுவும் உள்ள போன உடனே. ரெண்டு, வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேக்கணும். "அக்கா, வாடை வருதா?" முதல் தடவை கேட்டப்ப அவங்க சிரிச்சுட்டாங்க. அப்புறம் அவங்களே "இன்னைக்கு இல்லப்பா"ன்னு மாடியில இருந்து கத்த ஆரம்பிச்சாங்க. எங்கிட்ட இருக்கறதுலயே நம்பகமான சென்சார் அவங்கதான்.

ரெண்டாவது மழைக்காலத்துக்கு என்ன மாத்தினேன்

2024. இந்தத் தடவை ஜூலை கடைசியிலயே ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல தரை. மழைத் தண்ணி மேல இருந்து மட்டும் வராது, கீழ இருந்தும் ஊறும். கொத்தனாரைக் கூப்பிட்டு சுத்தி ஒன்பது அங்குலத்துக்குச் செங்கல் கட்டு வச்சு, உள்ள மண்ணும் கிராவலும் போட்டு மேடாக்கினேன்.

அடுத்து கூரை. பழைய ஷீட் வலையோட விளிம்புலயே முடிஞ்சது. இப்ப நாலு பக்கமும் ரெண்டடி வெளிய நீட்டிட்டேன். சாரல் உள்ள வர்றது இதுலயே பெரும்பாலும் நின்னுடுச்சு. ஓரத்துல தகர வாரி வச்சு தண்ணியைத் தூரமா இறக்கி விட்டேன்.

பக்கங்கள். நமக்கு அந்த சீசன்ல அடிக்கறது வாடைக்காத்து, வடகிழக்குல இருந்து வரும். அதனால வடக்கு, கிழக்கு ரெண்டு பக்கம் மட்டும் தார்பாய். அதுவும் மேல ஒரு அடி எப்பவும் திறந்தே இருக்கும், ஈரக் காத்து அது வழியா போகட்டும்னு. தெற்கும் மேற்கும் வெறும் வலைதான்.

கூளம். உமி ரெண்டு பங்கு, இழைப்புச் சீவல் ஒரு பங்கு. உமி தண்ணியை அவ்வளவா உறிஞ்சாது, ஆனா கட்டி பிடிக்காது. சீவல் உறிஞ்சும், ஆனா தனியா போட்டா அழுந்திடும். ரெண்டும் சேர்ந்தா நல்லா இருக்கு. உமி பாகூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல இருந்து எடுத்தேன். 80 சதுர அடிக்கு ரெண்டு அங்குலம் போட சுமார் 40 கிலோ வேணும். சீவல் தச்சுப் பட்டறையில கிடைக்கும். ப்ளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூளை மட்டும் வாங்காதீங்க, அதுல பசை இருக்கும். மல்லாட்டைத் தோல் நம்ம பக்கம் சுலபமா கிடைக்கும், ஆனா ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடிச்ச எதையும் கோழிக்குக் கீழ போடக் கூடாது, நுரையீரலைக் கெடுத்துடும்.

தண்ணித் தொட்டி. கூளம் ஈரமாகறதுக்குப் பெரிய காரணம் மழை இல்ல, தண்ணித் தொட்டிதான். பேசினை எடுத்துட்டு நிப்பிள் மாட்டினேன். அதுக்குக் கீழ கூளம் இல்ல, செங்கல் மேல ஒரு கம்பி வலை. சிந்தறது அப்படியே வெளிய போயிடும்.

அடையற கம்பு. கோழி போடற எச்சத்துல கிட்டத்தட்ட பாதி ராத்திரி அடையற இடத்துக்குக் கீழதான் விழுது. அங்க இடுப்பு உயரத்துல ஒரு பலகை போட்டேன். காலையில ஒரு சுரண்டி வச்சு பக்கெட்ல தள்ளினா ரெண்டு நிமிஷ வேலை. கூளத்துக்குப் போற தண்ணி பாதியா குறைஞ்சது. அந்தப் பலகைக்கு ஏன் இடுப்பு உயரம்னா, குனியாம சுரண்டலாம். அதை இப்ப ஆயாதான் பண்ணுது. நான் பண்றேன்னு சொன்னேன். "நீ எழுந்திருக்கறதுக்குள்ள கோழி முட்டை விட்டுட்டு மறுபடி தூங்கப் போயிடும்"னு சொல்லிடுச்சு.

அப்புறம் கிளறல். மழை இல்லாத நாள்ல வாரத்துக்கு ஒரு தடவை, மழை நாள்ல ஒண்ணு விட்டு ஒரு நாள். மாஸ்க் போட்டுக்கோங்க. மாலையில ஒரு கைப்பிடி கம்பு கூளத்துல விசிறி விட்டா, பாதி வேலையைக் கோழிங்களே சீய்ச்சுப் பண்ணிடும்.

ஈரம் சரியா இருக்கான்னு பாக்க கைப்பிடி சோதனை. ஒரு பிடி எடுத்து அமுக்கிக் கையைத் திறங்க. லேசா ஒட்டி, உடனே உதிர்ந்தா சரி. உருண்டையா நின்னா ஈரம் ஜாஸ்தி, அந்த இடத்தை அள்ளி எடுத்துட்டு காய்ஞ்ச உமி போடுங்க. ஒட்டவே இல்லைன்னா தூசி பறக்கற அளவு காய்ஞ்சிருக்கு. சென்சார் செலவு ஆயிரத்துச் சொச்சம். இது இலவசம்.

ஃபெஞ்சல்

அக்டோபர், நவம்பர் நல்லா போச்சு. வாடையே இல்ல. எனக்கு மறுபடி பெருமை வந்துடுச்சு. அப்பதான் ஃபெஞ்சல் வந்துச்சு.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ராத்திரி பத்தரைக்கு மேல புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போகாம அங்கயே நின்னு பெஞ்சது உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 24 மணி நேரத்துல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. நம்ம ஊர்ல இருபது வருஷமா இருந்த பழைய ரெக்கார்டு 21 சென்டிமீட்டர்தான். கிருஷ்ணா நகர் பக்கம் ராணுவம் வந்து ஜனங்களை மீட்டாங்க. அப்புறம் கணக்குப் போட்டேன்: எங்க கொட்டாய்க் கூரை மேல மட்டும் அன்னைக்குச் சுமார் 7,000 லிட்டர் தண்ணி விழுந்திருக்கு.

சாயங்காலமே கோழியை எல்லாம் பிடிச்சு, ஆயாவோட பழைய பஞ்சாரத்துலயும் ரெண்டு அட்டைப் பெட்டிலயும் போட்டு உள் வராந்தாவுக்குக் கொண்டு வந்துட்டோம். கரண்ட் போயிடுச்சு. ஆயா டார்ச் வச்சுக்கிட்டு அதுங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்துச்சு. சேவல் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூவ ஆரம்பிச்சது. பக்கத்து வீட்டு அக்கா வீட்லயும் தண்ணி ஏறினதால அவங்களும் பசங்களும் எங்க ஹால்லதான். அவங்க சொன்னாங்க, "பரவால்லப்பா, யாரும் தூங்கல."

புயல் கரையைக் கடக்கற வரைக்கும் காத்து வடக்குல இருந்து. கடந்ததும் தெற்குல இருந்து திரும்பி அடிச்சது. நான் திறந்து விட்டிருந்த பக்கம் அதுதான்.

ஞாயிறு மதியம் போய்ப் பாத்தேன். தோட்டம் முழுக்கத் தண்ணி. கொட்டாய்க்குள்ள செங்கல் கட்டுக்கு ரெண்டு அங்குலம் கீழ நின்னுடுச்சு. ஆனா தெற்குப் பக்கம் நாலடிக்குக் கூளம் சொத சொதன்னு இருக்கு. மனசு விட்டுப் போச்சு. மூடியிருந்தா நனைஞ்சிருக்காதேன்னு தோணுச்சு. உடனே போன வருஷம் மூடினது ஞாபகம் வந்துச்சு.

வடக்கு மூலையில கையை விட்டுப் பாத்தேன். மேல குளிர்ந்து கிடக்கு. நாலு அங்குலம் உள்ள கதகதன்னு இருக்கு. உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஈரமானதை எல்லாம் மண்வெட்டியால வெட்டி வெளிய எடுத்தேன். நல்ல கூளத்தை அந்தப் பக்கம் இழுத்து விட்டு, மூட்டையில காய்ஞ்சு வச்சிருந்த உமியைக் கலந்தேன். தோசை மாவுக்குப் பழைய மாவு கொஞ்சம் சேர்க்கற மாதிரிதான். சுண்ணாம்பு போடல. ரெண்டு நாள் கோழியை உள்ள விடாம காத்தாட விட்டேன். மூணாவது நாள் முட்டி போட்டு மோந்து பாத்தேன். மண்வாசனைதான் வந்துச்சு.

ஒன்பது உருப்படியும் பிழைச்சது. ரத்தக் கழிச்சல் ஒண்ணுக்கும் வரல. அதிர்ஷ்டமும் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு அங்குலம் தண்ணி கூட வந்திருந்தா கதை வேற.

கடைசியா

இந்த மே மாசம் முழுக் கூளத்தையும் அள்ளினோம். நேரா செடிக்குப் போடாதீங்க, வேர் கருகும். நிழல்ல குவிச்சு, ஈரம் காட்டி, ரெண்டு மாசம் மக்க விட்டேன். ஒரு மூட்டை அக்கா வீட்டு மாடிக்குப் போச்சு. அவங்க கத்திரிச் செடிக்குப் போட்டாங்க. இப்ப எங்களுக்குக் கத்திரிக்காய் வருது, அவங்களுக்கு முட்டை போகுது.

ஏன் செப்டம்பர்ல இந்த எபிசோடுன்னா, கூளத்துல நுண்ணுயிர்கள் பெருகி வேலையைப் பிடிச்சுக்க ஒண்ணரை, ரெண்டு மாசம் ஆகும். நவம்பர் மழையில ஆரம்பிச்சா நீங்க வைக்கிறது ஆழ்கூளம் இல்ல, ஈர உமி. நான் முதல் வருஷம் வச்சது அதுதான். இன்னைக்கு ஆரம்பிச்சா சரியா இருக்கும். ஒரு மூட்டை உமியைக் காய்ஞ்ச இடத்துல தனியா எடுத்து வைங்க, அதை டிசம்பர் வரைக்கும் தொடாதீங்க.

ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. மழைக்கு மேல மூடுங்க, கீழ உயர்த்துங்க, பக்கத்தைத் திறந்து விடுங்க. நம்ம ஊர் கோழி குளிர்ல சாகறதில்ல. நாம பாசமா மூடி வைக்கிறதுலதான் சாகுது.

ஆயா போன வாரம் வராந்தாவுல உட்கார்ந்துக்கிட்டு, "குஞ்சு பொரிக்க வைக்கலாமாடா, மழைக்கு முன்ன?"ன்னு கேட்டுச்சு. அடுத்த மழைக்காலத்தைப் பத்தி அதுவா பேசினது முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. பதினோரு முட்டை அடை வச்சிருக்கோம். என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட் மறுபடி வேலை பத்திதான். அது வரைக்கும் டாடா, மக்களே.